இடது காலை நினைக்காதே

என் அறை நீச்சல் குளத்தை ஒட்டி, துண்டு அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாற்காலி மெத்தென்று இருக்கும். பயத்தைச் சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லாமலே தூங்கிவிடுவார்கள். அதையும் சிகிச்சையில்தான் சேர்த்துக்கொள்வேன். நீங்களும் சாய்ந்து உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

விளையாட்டு வீரர்களுக்கு மனத்தெம்பு கொடுப்பது என் தொழில். பலகையிலிருந்து குட்டிக்கரணம் போட்டுக் குளத்தில் பாயும் அந்தப் பெண், முதலில் வந்தபோது ஏணியைப் பார்த்தாலே வெடவெடப்பாள். நான்தான் தேற்றினேன். மூச்சை நிதானமாக விடச் சொல்லிக்கொடுத்தேன். கண்ணை மூடி முழுப் பாய்ச்சலையும் மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கப் பழக்கினேன். "மூச்சு விடக் கத்துக்குடுக்கக்கூட ஒரு ஆளா?" என்று அவள் அப்பா கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு பாய்ச்சல் நன்றாக அமைந்துவிட்டால் சொட்டச் சொட்ட என்னிடம்தான் முதலில் ஓடிவருவாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. மேலே ஏறப்போகிறவரிடம் 'வழுக்கிடாதே' என்று சொல்லவே கூடாது. சொன்னால் மனசு வழுக்குவதையே பிடித்துக்கொள்ளும். பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

இறுதிப் போட்டியன்று துள்ளிக்கொண்டு வந்தாள்.

"சார், இன்னையோட கவுன்சிலிங்கை நிறுத்திக்கலாம்னு இருக்கேன். இப்போல்லாம் எனக்கு நானே போதும் சார்."

"எல்லாம் உங்களாலதான் சார்," என்றார் அவள் அம்மா. கண் கலங்கியிருந்தது.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மனசு வலித்ததையும் உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் தன்னம்பிக்கை வேறு, மெத்தனம் வேறு. பாவம், அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஒலிபெருக்கியில் அவள் பெயரை அழைத்ததும் ஏணி வரை கூடவே போய்த் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

"ஜமாய்ச்சிடும்மா. இடது காலை மட்டும் நினைக்காதே. அதெல்லாம் வழுக்காது."

அதுவரை இடது கால் என்று தனியாக ஒன்றை அவள் நினைத்ததே இல்லை. ஏணியில் பாதியில் நின்று, குனிந்து அதைப் பார்த்தாள்.

பலகை நுனியில் அந்தக் கால்தான் வழுக்கியது. முழங்கால் பலகையில் மோதிய சத்தம் பார்வையாளர் வரிசை வரை கேட்டது. இனி பாயவே முடியாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். நான் சொன்னது பயிற்சியாளர் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஆமாம் சார். என்ன நடக்கும் என்று தெரிந்து, வேண்டுமென்றேதான் சொன்னேன். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவள் ஒரு நாள்கூட என்னிடம் வரத் தவறியதில்லை என்பதையும் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வந்து விசும்பி விசும்பி அழுவாள், நான் தேற்றுவேன். பழையபடி எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

நேற்று யார் துணையும் இல்லாமல் வாசல் வரை நடந்துவிட்டாள், சார். அவளை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.