கட்டி வைத்த வாழை

உன் வாழையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், கீர்த்தி. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு இப்படி உட்கார். வந்ததிலிருந்து அம்மாவின் மாலை போட்ட படத்தையே பார்த்துக்கொண்டு, "ஏன் நைனா" என்று ஒரே கேள்வியைக் கேட்கிறாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. சொல்கிறேன்.

நாற்பது வருஷமாகச் செய்யாற்றங்கரையில் வாழை வைக்கிறவன் நான். நம் பெருநகர் கிராமத்தில் எவனைக் கேட்டாலும் சொல்வான். அப்படிப்பட்டவனின் மகள் ஸ்காட்லாந்துக் குளிரில் ஊர் ஞாபகத்துக்காக ஒரு வாழை வாங்கி வைத்தாய். சிவப்பு இலை. தின்ன ஒரு பழம் கிடையாது, சும்மா அழகுக்கு. "தார் போடாத வாழைக்கு இம்மாம் சீராட்டு இன்னாத்துக்குடி" என்று உன் அம்மா அம்முலு கிண்டல் பண்ணினாள்.

போன ஐப்பசியில் அதைக் குளிருக்குக் கட்டி வைப்பதைப் போனில் காட்டினாய். மாப்பிள்ளை இலையை எல்லாம் வெட்டி எடுத்தார். தண்டைச் சுற்றி வைக்கோல், அதன்மேல் கோணி, அதன்மேல் கயிறு. இருட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டால் பங்குனி வரை சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது, நடுவில் பிரித்தும் பார்க்கக் கூடாது என்றாய். தண்ணீர் ஊற்றாமல் வாழையா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "எல போனா போவட்டும் நைனா, கெழங்கு பொழச்சா போதும்." ஒரு கையில் போன், இன்னொரு கை வயிற்றின்மேல். உனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

பத்து நாள் கழித்து உன் அம்மா குழாயடியில் விழுந்தாள். வலது கையும் காலும் போய்விட்டன, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. காஞ்சிபுரத்து டாக்டர் நல்ல மனிதர், உட்காரவைத்துச் சொன்னார். கழுத்தில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, சென்னைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணினால் பிழைத்துக்கொள்வாள், தள்ளிப்போட்டால் மறுபடி வரும், வந்தால் தாங்காது என்றார். மாசி கழியட்டும் சார் என்றேன். மாசியில்தான் உனக்குப் பிரசவம்.

இதற்கு முன் உனக்கு இரண்டு கலைந்தது. இரண்டாவது, உன் பெரியப்பா சாவுக்கு அடித்துப் பிடித்து வந்துவிட்டுத் திரும்பிப் போன வாரம். பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உங்கள் ஊர் டாக்டர் சொன்னாராம். அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். அம்மா சென்னை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால், நீ மறுநாளே விமானம் ஏறியிருப்பாய். பிள்ளைத்தாய்ச்சி காதில் துக்கச் சேதி போடக் கூடாது என்பது நான் கண்டுபிடித்ததில்லை, ஊர் வழக்கம். அதனால் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

குறை வைக்கவில்லை. மலம் மூத்திரம் எல்லாம் நானே எடுத்தேன். கஞ்சி நானே ஊட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குப் போட்ட சோற்றுக்கு அது ஈடாகாது, இருந்தாலும் செய்தேன். கார்த்திகையில் பேச்சு நன்றாகவே திரும்பிவிட்டது. திரும்பியதும் முதல் கேள்வி, "கீர்த்திக்கு சொன்னீங்களா?"

சொல்லிவிட்டேன் என்றேன்.

"இன்னா சொன்னா?"

"வர முடியாதுன்னுட்டா. வவுத்த தள்ளிக்கினு எப்டி வருவா."

"ஒரு போன் கூடவா பேச முடியாது?"

"ஒன் கொரல கேட்டா அழுவா. அது ஆவாது அவளுக்கு."

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. உன்னிடம் அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, போனில் கேமராவும் போய்விட்டது, இனிமேல் பேசிப் பதிந்துதான் அனுப்புவாள் என்று சொன்னேன். அவள் போன் என் சட்டைப் பையில் இருந்தது. உன் சின்னம்மா திலகாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பெத்த பொண்ணுக்குத் தெரியாம வக்கிறது பாவம் மாமா" என்று சண்டைக்கு வந்தாள். உன் வயிற்றில் இருப்பதன்மேல் சத்தியம் வாங்கினேன். சென்னை ஆபரேஷன் விஷயம் அவளுக்கும் தெரியாது.

மார்கழியில் காலை வெயிலுக்குக் கட்டிலைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து போனில் அவள் பேச்சைப் பதிந்து வைத்தேன். இந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பேசு, பேசி முடித்தால் அதுவே கீர்த்திக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தேன். உண்மையில் போகாது, போனில் நிற்கும், வேண்டும்போது நான் அனுப்புவேன். ஆசையாகப் பேசினாள். சாப்ட்டியா கண்ணு, மாத்திரை போட்டியா, வெந்நீர்ல குளி. ஒரு நாள், பொங்கல் வச்சாச்சு நீ வச்சியா என்று பேசச் சொன்னேன்.

"பொங்கலுக்கு இன்னும் இருவது நாளு கீதே."

"அன்னிக்கி வேலையா இருப்போம்."

பேசினாள். மறுநாள், குழந்தை பிறந்ததற்குப் பேசச் சொன்னேன். "பொறந்தப்புறம் நானே பேசறனே" என்றாள். பேசலாம், இது சும்மா கைகாவலுக்கு என்றேன். இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேசினாள், ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று. மொத்தம் இருபத்தாறு சேர்ந்தது.

போகி அன்று காலையில் கஞ்சி ஊட்டும்போது மறுபடி வந்தது. டாக்டர் சொன்னபடியே தாங்கவில்லை. என் மடியில்தான் போனாள். நான் அழவில்லை என்று நினைக்காதே. கட்டிலைப் பிடித்துக்கொண்டு மாடு கத்துவது மாதிரி கத்தினேன், தெருவே வந்தது. மறுநாள் பொங்கல். சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, பொங்கல் வச்சாச்சு நீ வச்சியா என்பதை உனக்கு அனுப்பினேன். நீ முத்தம் போட்டு பதில் அனுப்பினாய்.

ஊரில் ஒருத்தரும் உன்னிடம் மூச்சு விடவில்லை, பிள்ளைத்தாய்ச்சி ஆயிற்றே. மாசியில் பெண் பிறந்தது, பெண்ணுக்கு உள்ளதை அனுப்பினேன். "அம்மா கொரலு தெம்பா கீது நைனா" என்று சொல்லி அழுதாய். சித்திரையில் உன் வாழையைப் பிரித்தாய். நடுவிலிருந்து சுண்டுவிரல் அளவுக்குச் சிவப்பாக ஒரு குருத்து. "பாத்தியா நைனா, பொழச்சிச்சு. அம்மாகிட்ட காட்டு" என்றாய். காட்டுகிறேன் என்றேன். எனக்கும் அப்போது ஒரு நிம்மதி. உனக்குப் பால் கொடுக்கும் காலம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று அப்போதும் சொல்லவில்லை. சொல்லாமலே இந்த ஆனி வந்துவிட்டது, நீயும் வந்துவிட்டாய்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டால், பிழைத்திருப்பாள். கொண்டுபோகாதது நான்தான். ஆனால் தூளியில் கிடக்கிறதே, அதைப் பார். உன் அம்மாவைக் கேட்டிருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒன்றும் தெரியாமல் நிம்மதியாகப் போனாள், அதுவரைக்கும் நான் செய்தது சரி.

இந்தா அவள் போன். ஆண் பிள்ளைக்குப் பேசியது இன்னும் இருக்கிறது, கேட்காதே, அழுவாய். அது தவிர இருபத்தேழாவதாக ஒன்று இருக்கிறது. போகிக்கு மூன்று நாள் முன்னால், மோட்டார் போடப் போன அவசரத்தில் போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டேன். இடது கையால் அவளே அமுக்கிப் பேசியிருக்கிறாள். அதிலிருந்து மூன்று நாளும் தெருக்கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பண்டிகைக்கு யாராவது வருவார்கள் என்று பார்த்திருப்பாள். அந்தப் பேச்சில் வாய் குழறிவிட்டது, ஒன்றும் விளங்கவில்லை, அதனால்தான் உனக்கு அனுப்பவில்லை. நீயே போட்டுக் கேள்.

"கீர்த்தி, அம்மா பேசறேன். நீ வர மாட்டேன்னு சொன்னியாம், நைனா சொல்றாரு. நீ அப்டி சொல்ற பொண்ணு இல்ல. ஒனக்கு சேதியே தெரியாது, அது எனக்குத் தெரியும். பயமா கீது கண்ணு. என்னிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவச் சொல்லு."