முப்பத்தொரு வீடும் பச்சை

— இன்னும் ரெண்டு எட்டு வலது பக்கம் தள்ளி நில்லுங்க தம்பி. ஆங்... இப்ப எடுத்தா நீங்க, செவுத்துல சான்றிதழ், கீழ தண்ணி நெறச்சு வெச்ச தொங், மூணும் ஒரே போட்டோவுல வரும்.

— நான் வேணாம்க்கா. தொங் மட்டும் போதும்.

— தொங்குக்கு என்ன தம்பி அழகு இருக்கு? கவர்மெண்ட் ஆளு பக்கத்துல நிக்கற மாதிரி ஒண்ணு வேணும்லா. கம்பெனி தோட்டத்த மூடினதுலருந்து இந்தக் கீழ் டிவிஷனுக்கு ஆபீஸ் ஆளுன்னு நேர்ல வர்றது நீங்கதான் மொத ஆளு.

— என் பேரு பவித்ரன். ஈப்போ, திட்டப் பிரிவு... சொன்னேனா?

— காடியிலருந்து எறங்கறப்பவே சொன்னீங்க. நானும் சொன்னேன், பிரமிளா, குடியிருப்பாளர் சங்கத்துச் செயலாளர்னு. அதுக்கப்புறம் நீங்க பேசினத எண்ண ஒரு கை விரல் போதும்.

— ...சான்றிதழ ஏன் இங்க மாட்டி வெச்சிருக்கீங்க?

— வேற எங்க மாட்ட? தண்ணிக்குக் குடுத்த சான்றிதழ், தண்ணிக்கு மேலதான் இருக்கணும். படிச்சுக் காட்டவா? "நிலைத்த மேம்பாட்டு இலக்குகளில் ஆறாவதான தூய நீர் இலக்கை முழுமையாக எட்டிய குடியிருப்பு." முழுமையாக, தம்பி. முப்பத்தொரு வீடும்.

— தெரியும்க்கா.

— தொங்குல கைய விட்டுப் பாருங்க. முழுமை வெரல்ல ஒட்டும்.

— இது மழைத்தண்ணியா?

— மேல மழைத்தண்ணி, அடியில ஆத்துத்தண்ணி. மோட்டர் போட்டா ஆத்துலருந்து குழாய்க்கு வரும். மழை பேஞ்சா சேறு, வெயிலடிச்சா வெறும் காத்து. கம்பெனி இருந்த காலத்துல மருந்து கலக்கறதுக்குன்னே ஒரு ஆளு இருந்தாரு. கம்பெனி போச்சு, அவரும் போயிட்டாரு. நாங்கதான் மறந்துபோயி இங்கயே இருந்துட்டோம்.

— குடிக்க என்ன பண்றீங்க?

— கோப்பெங்ல எங்க சித்தப்பா வீட்டுல பிடிச்சு, மோட்டர்சைக்கிள்ல கட்டிக்கிட்டு வருவோம். பசியாறினீங்களா? டே ஓ போட்டிருக்கேன், பால் ஊத்தாத டீதான். பயப்படாதீங்க, அது சித்தப்பா தண்ணி.

— வேணாம்க்கா... சரி. கொஞ்சமா.

— சட்டையில என்ன அது, மத்தாப்புச் சக்கரம் மாதிரி குத்தியிருக்கீங்க?

— பதினேழு இலக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலரு.

— தண்ணி எந்தக் கலரு?

— நீலம்.

— நல்லவேளை. எங்க தண்ணிக் கலர்ல போட்டிருந்தா சட்டையில கறைன்னு நெனச்சிருப்பாங்க... பதினேழுல வேற எதுல நாங்க பாசு?

— ஏழு. கரண்டு.

— அது நிஜம். அப்புறம்?

— அஞ்சு. ஆண் பெண் சமம்.

— அதுல தாராளமா பச்சை போடுங்க. எங்க வீட்டுல அவரு ரெண்டு வாளி தூக்கினா நானும் ரெண்டு வாளி.

— பதினாலு, நீர்வாழ் உயிரினம். அது உங்களுக்குப் பொருந்தாதுன்னு இருக்கு.

— யாரு சொன்னா? தொங்குக்குள்ள மீன் குஞ்சு இருக்கு, காட்டவா?

— ...வேணாம்க்கா.

— சிரிக்க வந்துச்சுல்ல? அடக்கிட்டீங்க. சரி, நிஜமாவே ஒண்ணு கேக்கறேன். ஐ.நா. சபைக்கும் என் வீட்டுத் தொங்குக்கும் என்ன தம்பி சம்பந்தம்?

— உலக நாடெல்லாம் அந்தப் பதினேழுக்கும் ஒத்துக்கிச்சு. நம்ம நாடும். அதைக் கொண்டுவந்து நம்ம அஞ்சு வருசத் திட்டத்துல சேத்தாங்க. இப்ப ஒரு பைப் போடணும்னாகூட அது எந்த இலக்குக்குன்னு நம்பர் எழுதணும். எங்க போடணும்னு தெரிய கணக்கெடுப்பு வேணும்.

— கணக்கெடுத்து?

— செவப்பா இருந்தா திட்டத்துல வரும். பச்சைன்னா முடிஞ்ச வேலை. வராது.

— நாங்க பச்சை.

— பச்சை.

— நாலு லெட்டர் போட்டேன் தம்பி. நாலுக்கும் ஒரே பதிலு. உங்க குடியிருப்பு ஏற்கெனவே இலக்க எட்டிருச்சு, வாழ்த்துகள்னு. கடைசியா அஞ்சாவது லெட்டர்ல என்ன எழுதினேன் தெரியுமா?

— படிச்சேன். "உங்கள் வாழ்த்துகளைக் கொதிக்க வைத்துக் குடித்தோம், இருந்தும் மூன்று வீட்டில் வயிற்றுப்போக்கு"ன்னு.

— யாராவது சிரிச்சாங்களா?

— ஆபீஸ்ல எல்லாரும்.

— நீங்க?

— இல்ல. அதான் வந்தேன்.

— ம்... சரி, சொல்லுங்க. பச்சை அடிச்ச அந்த மகராசன் யாரு? அவர ஒண்ணும் செய்யமாட்டேன். கூட்டியாந்து இந்தத் தொங்குலருந்து ஒரு வாளி மோந்து தலையில ஊத்திட்டு மரியாதையா அனுப்பிடுவேன்.

— பேர வெளிய சொல்லக்கூடாதுக்கா.

— நம்ம ஆளா?

— ...நம்ம ஆளுதான்.

— அப்ப ரெண்டு வாளி.

— அது போன்ல எடுத்த கணக்கு. ஒரு அதிகாரிக்கு அம்பது இடம். எல்லா இடத்துக்கும் நேர்ல போக முடியாது. சங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதினது.

— ஓ... போன்லயா.

— போன வருசம் ஜூன் எட்டு. ஞாயித்துக்கிழமை. இங்க யாரு பேசினாங்க?

— யாரு பேசினாங்கன்னு... ராமையா அண்ணனா இருக்கும். தலைவர்லா அவரு. காது வேற மந்தம். உங்காளு ஒண்ணு கேட்டிருப்பாரு, இவரு ஒண்ணு சொல்லியிருப்பாரு.

— நம்பரு பதிவுல இருக்குக்கா. நாலு நாலு ஏழுல முடியுது. நேத்து நீங்க எனக்குப் பேசின நம்பரு.

— டே ஓ ஆறுது, குடிங்க.

— அக்கா.

— சக்கரை பத்தலையா? சரி, அப்படிப் பாக்காதீங்க. சொல்றேன். சிரிக்கக்கூடாதுன்னு சொல்ல வந்தேன். உங்ககிட்ட அந்தப் பயமே இல்ல.

— சொல்லுங்க.

— அன்னிக்கு எங்க தினேஸ்வரியப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. என் தங்கச்சி. வந்தவங்களுக்கு ஊரு குனோங் ராபாட். தெரஸ் வீடு, வாசல்ல ரெண்டு காடி. மாப்பிள்ளையோட அம்மா, இதோ நீங்க உக்காந்திருக்கற நாற்காலிதான், உக்காந்துக்கிட்டு கூரையப் பாக்கறாங்க, தரையப் பாக்கறாங்க. மொத கேள்வியே, தோட்டத்துல இன்னும் தண்ணி தூக்கறீங்களாமேன்னு. ஏற்கெனவே ரெண்டு எடம் அந்தத் தண்ணியிலயே தட்டிப்போயிருச்சு தம்பி. எம்பையன் இங்க வந்து வாளி தூக்கணுமான்னு கேட்டுட்டு எழுந்து போனவங்க இருக்காங்க. நான் என்ன சொல்றதுன்னு வாயத் தெறக்கறேன்... போன் அடிக்குது.

— ஸ்பீக்கர்ல போட்டீங்க.

— அந்தப் போனு அப்படித்தான், காதுல வெச்சா கேக்காது. உங்காளு கேக்கறாரு, உங்க குடியிருப்புல சுத்தம் பண்ணின குழாய்த்தண்ணி இருக்கான்னு. கூடத்துல எட்டுப் பேரு. அத்தனை பேரு காதும் போன்ல. கவர்மெண்டே கூப்பிட்டுக் கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?

— "இருபத்தி நாலு மணி நேரமும்"னு சொன்னீங்க.

— அத வேற எழுதி வெச்சிருக்காரா அவரு? முப்பத்தொரு வீட்டுக்குமான்னு கேட்டாரு, ஒண்ணு விடாமன்னேன். தண்ணி தெளிவா இருக்குமான்னாரு, கண்ணாடி மாதிரின்னேன். போன வெச்சுட்டுத் திரும்பறேன், அந்தம்மா முகம் தெளிஞ்சுபோச்சு. அன்னிக்கே தட்டு மாத்தியாச்சு. ஒரு கணக்குல பாத்தா உங்க சான்றிதழ் பொய்யில்ல தம்பி. இலக்க எட்டினது எங்க தினேஸ்வரி.

— அவங்க வீட்டுக்கு விசயம் தெரியுமா?

— தீபாவளிக்கு வந்தாங்கள்ல. சம்பந்தியம்மா குளிக்கப் போனாங்க. குழாயத் தெறக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்ல. கடைசியில உள்ளருந்து குரலு, பிரமிளா, குழாயில பால் ஊத்தின டே தாரேக் வருது, கிளாஸ் குடுன்னு. நல்ல மனுஷி. அவங்கதான், கவர்மெண்டுக்கு எழுதும்மா, கூட நான் வாரேன்னாங்க.

— எழுதினீங்க. ஆனா போன்ல சொன்னது பொய்யின்னு எதுலயும் எழுதல.

— எப்படி எழுதுவேன்? இங்க இருக்கற முப்பது வீட்டுக்கும் அது தெரியாது. கலாதேவி அக்கா பிள்ளைங்க ரெண்டுக்கும் உடம்பெல்லாம் சொறி. சங்கக் கூட்டத்துல அந்தக்கா ஆபீஸத் திட்டறப்ப, பக்கத்துல உக்காந்து நானும் சேந்து திட்டறேன்... நீங்க திட்டலாம். நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்.

— திட்ட வரல.

— அப்ப எழுதிக்குங்க. பிரமிளா பொய் சொன்னான்னு. சைன் எங்க போடணும்?

— இருங்க. திருத்தம் கேட்டு நிரப்பற போரங்குல ரெண்டு கட்டம் இருக்கு. ஏன் தப்பாச்சுன்னு ஏதாவது ஒண்ணுலதான் குறிக்கணும். ஒண்ணு, குடியிருப்பாளர் தந்த தகவல் தவறு. ரெண்டு, அதிகாரியின் பதிவு தவறு.

— நம்மளுது ஒண்ணு.

— ஒண்ணுன்னா அடுத்த கணக்கெடுப்புலதான் திருத்துவாங்க. அதுக்குள்ள இந்தத் திட்டத்துக்குப் பட்டியல் மூடிடும். அடுத்த திட்டம் ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணு.

— அதுக்குள்ள கலாதேவி அக்கா பிள்ளைங்களையே பொண்ணு பாக்க வந்துடுவாங்களே தம்பி. ரெண்டுன்னா?

— எங்க தப்பு. உடனே திருத்தியாகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள செவப்பாயிடும். இந்தத் திட்டத்துலயே பைப் வரும்.

— அப்ப ரெண்டுல போடறதுக்கு என்ன யோசன?

— யோசிக்கல. போட்டாச்சு.

— ...இருங்க இருங்க. அந்த அதிகாரிய என்ன பண்ணுவாங்க?

— விளக்கம் கேப்பாங்க.

— கேட்டுட்டு?

— கொந்த்ராக் ஆளு. டிசம்பர்ல புதுப்பிக்கணும். புதுப்பிக்கமாட்டாங்க.

— அழிங்க.

— அக்கா...

— அழிங்கலா. வாளி, கீளின்னு நான் சும்மா சொன்னது. அந்தப் பிள்ளை நான் சொன்னதத்தானே எழுதிச்சு? எங்க வீட்டுக்குத் தண்ணி வர, எவனோ ஒருத்தன் வேல போகணுமா?

— அந்தப் பிள்ளைக்கு ஆட்சேபணை இல்ல.

— நீங்க போயிக் கேட்டீங்களா?

— அது நான்தான். ஜூன் எட்டு, நான்தான் போன் போட்டேன்.

— நீங்களா? அந்தக் குரலு... "வணக்கம்க்கா, ரெண்டே நிமிசம், அடுப்புல எதுவும் இல்லையே"ன்னு கலகலன்னு பேசிச்சே தம்பி.

— அப்ப பேசுவேன்.

— காலையிலருந்து உங்களை எதிர்ல உக்கார வெச்சு உங்களையே திட்டியிருக்கேன். நீங்களும் கேட்டுக்கிட்டே டே ஓ குடிச்சிருக்கீங்க.

— நல்லா இருந்துச்சு.

— டே ஓவா, திட்டா?

— ரெண்டும்.

— போதும். தியாகி வேசமெல்லாம் எங்க தோட்டத்துல வேணாம். மொத கட்டத்துல போடுங்க. நான் வீடு வீடாப் போயி உண்மையச் சொல்லிக்கறேன். கலாதேவி அக்கா ரெண்டு அறை வெச்சாலும் வாங்கிக்கறேன். ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணு வரைக்கும் தண்ணி தூக்கிட்டுப் போறோம். உங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளைன்னு இருக்கும்லா?

— இல்ல.

— கல்யாணம் ஆகல?

— ஆச்சு. அவ இப்ப இல்ல.

— ...எப்ப தம்பி?

— ஜூன் ஒம்பது.

— ஜூன்... நீங்க போன் போட்டதுக்கு மறுநாளா?

— மறுநாள் காலையில. போன் போட்டப்ப ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்தேன். தேறிட்டா, நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. உங்களுதுதான் கடைசி எடம். முடிச்சுட்டு உள்ள போகணும்னு இருந்தேன்.

— அய்யோ தம்பி... அந்த நேரத்துலயா நான் அப்படிக் கதை விட்டேன்? அப்ப உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. கேளுங்க, என்னப் பாருங்க. ஒருத்தி அவ்ளோ துணிஞ்சு பொய் சொன்னா யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க. நம்பினது ஒரு தப்பா? அழிச்சுடுங்க.

— நீங்க கண்ணாடி மாதிரின்னு சொன்னப்ப, போன்கிட்ட வந்து ஒரு பொண்ணு மெதுவா ஒண்ணு கேட்டுச்சு. "அக்கா, குழாயில சேறு வருது, போத்தல் தண்ணி ஒடைக்கட்டுமா"ன்னு. உங்க வீட்டுல உக்காந்திருந்தவங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. சந்தேகம்னா மறுநாளே நேர்ல போயிப் பாக்கணும். மறுநாள் அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற நாளு... உங்கள நான் நம்பலக்கா. நம்பின மாதிரி எழுதிட்டேன்.