அடுப்பு மூட்டாத வீட்டு சிலிண்டர்

“ஹலோ... ஹலோ, பாய், நான்தான்... இல்லை, நான் வெக்கலை. அதுவா கட் ஆயிடுத்து. நீங்களும் வெச்சுடாதீங்கோ, ப்ளீஸ்... ஆமா, ஆமா, மந்தைவெளி ஹம்சா. கபாலி சார் பொண்ணு. கிரீம் கலர் மாருதி வேன்... அதேதான். நீங்க வீட்டு கேஸ் சிலிண்டர்ல ஓட வெச்சுக் குடுத்தேளே, அந்த வேன்.”

ஹம்சா ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கூடத்தின் நடுவில், கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். பெட்டியின் இரைச்சல் நின்றதிலிருந்து மழை மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் உட்பக்கம் ஆவி பூக்கத் தொடங்கியிருந்தது. கிளம்பப்போகிற ரயிலின் ஜன்னலுக்குள் தெரிகிற முகம்போல இருந்தது அவர் முகம்.

“தெரு முழுக்கவே கரண்ட் இல்லை, பாய். முழங்காலுக்கு மேல தண்ணி. மாடி ஆம்ப்ரோஸ் அங்கிளோட சின்ன ஜெனரேட்டர்லதான் பெட்டி ஓடிண்டிருந்தது. பெட்ரோல் தீர்ந்துபோச்சு... எந்த பங்க் திறந்திருக்கு, சொல்லுங்கோ?... வேனை அப்பவே வித்தாச்சு... ஐஸ் கட்டிக்கும் ஆள் விட்டேன். ஃபாக்டரிலயே கரண்ட் இல்லையாம். அந்த ஜெனரேட்டரை அடுப்பு கேஸ்ல ஓட்ட வழி சொல்லுங்கோ, பாய்.”

“...”

“தொழிலை விட்டுட்டேள், தெரியும். ரெய்டு வந்தது, தெரியும். இந்தத் தண்ணில நீந்திண்டு எந்தப் போலீஸ் வரப்போறான்?... வெடிக்கும் வெடிக்கும்னு பயமுறுத்தாதீங்கோ, பாய். நீங்க வழி சொன்னா வெடிக்காது. சொல்லலைன்னா நாங்களா ஏதாவது பண்ணித் தொலைப்போம், அப்பதான் வெடிக்கும்... பண்ணியே ஆச்சு! ஆமா! அங்கிள் அடுப்பு டியூபைக் கழட்டி, ஜெனரேட்டர்ல காத்து இழுக்கற வாய்ல சொருகினார். ஸ்டார்ட் ஆச்சு, பாய், பொய் இல்லை. ரெண்டு உறுமு உறுமித்து. கருப்பாப் புகையைத் தள்ளிட்டு நின்னுபோச்சு... திட்டுங்கோ. நன்னாத் திட்டுங்கோ. ஆனா அப்புறமா திட்டுங்கோ.”

அவள் தோளில் ஒரு விரல் தட்டியது. சித்தப்பா. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். ஹம்சா ரிசீவரின் வாயைப் பொத்தினாள்.

“ஒரு நிமிஷம், சித்தப்பா... தெரியும், உடம்பு தாங்காதுன்னு தெரியும். தண்ணில இறங்கியாவது எடுத்துண்டு போயிடலாம்ங்கறேள். சாய்நாத்துக்கு யார் பதில் சொல்றது? பம்பாய் வரைக்கும் வந்துட்டான். இங்க பிளேன் இறங்கினா வந்துடுவான்... பேசிண்டிருக்கேனே! ஒரே நிமிஷம்.”

கையை எடுத்தாள்.

“பாய், இருக்கேளா?... என் தம்பிக்காகத்தான். நான் வர்றவரைக்கும் எடுக்காதே அக்கா, ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கறேன்னு ஃபோன்லயே அழறான். அமெரிக்கா போனதுலேர்ந்து அவன் அப்பாவைப் பாக்கவே இல்லை. பெட்டி ஓடலைன்னா இங்க யாரும் காத்திண்டிருக்க மாட்டா... சொல்றேளா? சொல்லுங்கோ, சொல்லுங்கோ... ரெகுலேட்டரா? இருங்கோ. அங்கிள்! ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கோ!... வெள்ளையாப் பூத்திருக்காம், பாய். ஃப்ரீசர் மாதிரி. விரல் ஒட்டிக்கறதாம்... சிலிண்டர் எப்படி இருக்கா? இருக்கற மாதிரிதான் இருக்கு. படுத்துண்டு... ஆமா, படுத்துண்டுதான். ஏன் இப்படிக் கத்தறேள்?”

“...”

“நாங்க படுக்க வெக்கலை. அப்பா வெச்சது. நேத்து கார்த்தால. கேஸ் தீர்ற சமயத்துல எப்பவும் அதைப் படுக்கவெச்சு ஒரு உருட்டு உருட்டுவார். இன்னும் ஒரு காபி வரும் பாரும்பார்...”

ஹம்சா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“வந்தது, பாய். காபி வந்தது. குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வெச்சார். அவ்வளவுதான்... அப்படியேதான் கிடந்தது. துக்க வீட்டுல அடுப்பு மூட்டறதில்லையே. சும்மாக் கிடக்கற கேஸ்தானேன்னு, அப்படியே பால்கனிக்கு உருட்டிண்டு போயிட்டோம்... உங்கள்லயும் மூட்டமாட்டேளா? அக்கம்பக்கத்துல இருக்கறவாதான் சோறு கொண்டுவரணுமா?... சரி, சரி. படுக்கவெச்சா உள்ள தண்ணியா இருக்கற கேஸ் அப்படியே டியூப்ல வந்துடும். தண்ணியா வரக் கூடாது, கேஸா வரணும். புரியறது. அங்கிள்! சிலிண்டரை மூடிட்டு நிமிர்த்துங்கோ! நிமிர்த்தி வெச்சு, அந்த வெள்ளை கரையற வரைக்கும் தொடாதீங்கோ!”

பால்கனியில் இரும்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஆம்ப்ரோஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிலிண்டரைத் தூக்கி நிறுத்தினார். காலி டப்பாவைப்போல அவ்வளவு சுலபமாக அது எழுந்து நின்றது.

“சொல்லுங்கோ... பக்கத்துல நெருப்பு எதுவும் இருக்கக் கூடாதா? நெருப்பு எதுவும்... ஐயோ. அப்பா தலைமாட்டுல விளக்கு எரியறதே... இல்லை, பாய், அணைக்க முடியாது. அது மட்டும் முடியாது. எடுக்கற வரைக்கும் அணையக் கூடாது... என்னைத் திட்டி என்ன பிரயோஜனம்? நானா வெச்சேன் அந்த வழக்கத்தை?... வேற வழி சொல்லுங்கோ. மொட்டை மாடி? மழை... படிக்கட்டுத் திருப்பம் இருக்கு, மேல கூரை உண்டு, ரெண்டு பக்கமும் திறந்த இடம். அங்க வெச்சா?... வெக்கலாமா! அங்கிள், படிக்கு, ரெண்டையும் படிக்குத் தூக்குங்கோ! சித்தப்பா, நீங்களும் ஒரு கை... ஆமா, நீங்கதான். துண்டை அப்புறம் போட்டுக்கலாம்... கதவைச் சாத்தணும், புகை உள்ள வரக் கூடாது. சரி. டியூப் அந்த வாயை முழுசா அடைக்கக் கூடாது, காத்துக்கும் வழி விடணும். சரி, சரி. கேஸைக் கொஞ்சமாத் திறந்துட்டு, கயித்தை இழுக்கணும்...”

அவள் ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னாள், வாசலைப் பார்த்துக் கத்தினாள். கயிறு இழுபடும் சத்தம். ஒன்றுமில்லை. மறுபடியும். ஒன்றுமில்லை. சித்தப்பாவின் இருமல். மறுபடியும்.

பிறகு படிக்கட்டு முழுக்க நடுங்கியது.

“ஓடறது! பாய், ஓடறது! கேக்கறதா உங்களுக்கு? இருங்கோ, ஃபோனை அந்தப் பக்கம் திருப்பறேன்... கேட்டேளா? நிக்கலை, நிக்கலை, ஒரே சீரா ஓடறது... பெட்டி ஆன் ஆயிடுத்து. பச்சை லைட் வந்துடுத்து. நீங்க நன்னா இருக்கணும், பாய். உங்க கொழந்தைகள்லாம் நன்னா...”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மறுமுனையில் ஷாகுல் ஹமீது எதையோ கேட்டார். சிரிப்பு நின்றது.

“...அங்கிள் சிலிண்டரைத் தூக்கிப் பாத்தார். லேசாத்தான் இருக்காம். ஒரு கையாலயே தூக்கிட்டார்... ஒரு மணி நேரம்கூட வராதா? ஆனா ஓடறதே... இல்லை, மாடி ஆத்து சிலிண்டரும் காலி. அவா கெரசின் ஸ்டவ்லதான் சமைக்கறா. கீழ் வீட்டுக்காரா தண்ணி வந்தப்பவே பூட்டிண்டு போயிட்டா. புக் பண்ணி வெச்சது எப்ப வருமோ...”

ஹம்சா பெட்டியைப் பார்த்தாள். ஆவி மெல்ல விலகி, அப்பாவின் நெற்றி முதலில் தெளிந்தது. ரிசீவருக்குள், மறுமுனை வீட்டின் உட்பக்கத்திலிருந்து, யாரோ கரண்டியால் பாத்திரத்தின் அடியைக் கிளறும் சத்தம் வந்தது.

“பாய்... ஒண்ணு கேப்பேன். கேக்கக் கூடாது, இருந்தாலும் கேப்பேன். உங்காத்துல இருக்கற சிலிண்டர்... தெரியும். அடுப்பு எரிஞ்சிண்டிருக்கு, எனக்கே கேக்கறது. கொழந்தைகள் பசியோட இருக்கும்... சாய்நாத் வந்து முகத்தைப் பாக்கற வரைக்கும். அதுவரைக்கும் உங்க அடுப்பை அணைச்சுட்டு, அந்த சிலிண்டரை இங்க கொண்டுவந்து தரேளா?... பாய்?... லைன்ல இருக்கேளா, பாய்?”