மூன்று முறை கழுவிய கால்கள்

"அவரு கால நான் மூணு தடவ கழுவினேன்டா," என்றார் சிவப்புச் சட்டைக்காரர்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு நண்பர்களில் அவர் ஒருவர். இருவருக்கும் நாற்பது வயதிருக்கும். நான் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"ஏன், அவ்வளவு அழுக்கா?" என்று கேட்டார் திருநீறு பூசியிருந்த நண்பர்.

"அழுக்கில்லடா. இயேசு சீஷர்களோட காலக் கழுவுனாருல்ல, அந்த மாதிரி பெரிய வியாழன் அன்னிக்கு எங்க சர்ச்சுல ஒருத்தர் கால ஒருத்தர் கழுவுவோம். தாழ்மைக்காக. எனக்கு வந்தவரு துவாஸ்ல வெளிநாட்டுத் தொழிலாளிங்க தங்குற டார்மிட்டரியில இருக்குறவரு. என் ஒய்ஃப் வீடியோ எடுத்தா. மொத தடவ என் முகம் விழல. ரெண்டாவது தடவ லைட்டிங் சரியில்ல."

"அவரு ஒண்ணும் சொல்லலயா?"

"மூணாவது தடவ தண்ணி ஊத்துறப்ப, 'அண்ணே, மொத தடவயே சுத்தமாயிடுச்சே'ன்னாரு. கோபமாவும் சொல்லல. எனக்குத்தான் நிமிந்து பாக்க முடியல."

"வீடியோ?"

"போட்டேன். நெறய லைக் வந்துச்சு லா. ஆனா மனசு கேக்கல, டெலிட் பண்ணிட்டேன். நேத்து துவாஸ் போயி அவருகிட்ட மன்னிப்பும் கேட்டேன். பரவாயில்லண்ணேன்னு டீ வாங்கிக் குடுத்தாரு."

நண்பர் அவருடைய தோளைத் தட்டினார். "நல்ல காரியம் பண்ணியிருக்க. இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?"



"நேத்துலேருந்து நீ அஞ்சாவது ஆளு," என்றார் சிவப்புச் சட்டைக்காரர், தரையைப் பார்த்தபடி.