நாற்பது ஜோடிப் பால் பற்கள்

பிள்ளைகளை வாய் திறக்க வைப்பது பெரிய வித்தை இல்லை. கூட வரும் பெற்றோரை வாய் மூட வைப்பதுதான் வித்தை. முப்பது வருடமாகக் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கிறேன். இதைத் தவிர இந்தத் தொழிலில் எனக்குச் சிரமம் என்று ஒன்றும் இருந்ததில்லை.

உங்கள் விசாரணைக் குழுவில் மூன்று பேர். ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி, இன்னொருவர் முதியவர்களுக்குப் பல்செட் கட்டுகிறவர். பல்லே இல்லாத வாயில் வேலை பார்த்தவர் பால் பல்லைப் பற்றி என்னை விசாரிக்கிறார். இருக்கட்டும். உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். முடிந்தவரை இறங்கி வந்து எழுதுகிறேன்.

சொத்தையைச் சுரண்டி எடுத்தபின் குழியைக் காம்போசிட் என்னும் பல் நிறப் பசையால் அடைப்போம். அதற்கு இரண்டு முறை உண்டு. என் முறையில், இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்கு வைத்து, நீல ஒளி காட்டி இறுக வைத்து, அதன்மேல் அடுத்த அடுக்கு வைக்க வேண்டும். பொறுமை வேண்டும், கை நடுங்கக் கூடாது. இன்னொரு முறையில் குழி நிறைய ஒரே அமுக்கு, ஒரே ஒளி, அவ்வளவுதான். அது எங்கள் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த சின்ன டாக்டருடையது. மருத்துவமனை முதல்வரிடம் சொல்லி எல்லாரும் அதையே செய்ய வேண்டும் என்று உத்தரவு வாங்கப் பார்த்தான்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில் அவன் சொன்னான்: "பெரிய டாக்டர் பல்லை அடைக்கிறாரா, மாடி வீடு கட்டுறாரான்னே தெரியல. மூணாவது மாடி எழும்புறதுக்குள்ள பிள்ளை தூங்கிடுது."

எல்லாரும் சிரித்தார்கள். பதினோரு வருடமாக என் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கும் சிஸ்டரும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய், இரண்டு முறைகளையும் ஒப்பிடும் ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதினேன். என் முறைதான் நிற்கும் என்று எண்களாலேயே காட்டிவிட்டால் அவன் வாய் அடங்கும் அல்லவா?

ஒப்பிடுவது என்றால் நியாயமாக ஒப்பிட வேண்டும். ஒரு பிள்ளை நாளெல்லாம் மிட்டாயை மெல்லும், இன்னொன்று மெல்லாது. அதனால் இரண்டு ஃபில்லிங்கும் ஒரே வாயில் இருக்க வேண்டும். இடது கடைவாயில் ஒரு முறை, வலது கடைவாயில் மற்றது. குழிகளும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். அப்படி நாற்பது ஜோடி தேவை. எட்டு மாதத்தில் இருபத்து நாலுதான் கிடைத்தது.

சொத்தைக்குப் பஞ்சம் இல்லை. பெற்றோர் அதில் தாராளம். "விழப்போற பல்லுதானே டாக்டர், இதுக்குப் போய் மெனக்கெடணுமா?" என்று கேட்கிற ஜென்மங்கள் அவர்கள். ஆனால் ஒரு பக்கம்தான் சொத்தை இருக்கும். மறுபக்கம் சுத்தமாக இருக்கும். பிள்ளை எந்தப் பக்கம் மெல்லும் என்பதுகூட இவர்களுக்குத் தெரியாது. அலட்சியத்தைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன ஆய்வு செய்வது?

ஆகவே மறுபக்கக் குழியை நானே போட்டேன்.

ஊசி போட்டு மரக்க வைத்தபின் துளைக்கும் கருவிக்குச் சொத்தைப் பல் என்ன, நல்ல பல் என்ன. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. உண்மையைச் சொன்னால் நல்ல பல்லில் குழி அழகாக வரும். ஓரங்கள் நறுக்கென்று நிற்கும். முதல் தடவை சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "டாக்டர், இந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு?" என்றாள். "நீ எப்போ பல் டாக்டர் ஆன?" என்று கேட்டேன். அதோடு அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்குக் குழி நரம்பு வரை போய்விட்டது. பால் பல்லில் நரம்பு கிட்டத்திலேயே இருக்கும். கன்னம் வீங்கி, நாலு நாள் காய்ச்சலில் கிடந்தான்; பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அவனை ஆய்விலிருந்து நீக்கிவிட்டு வேறொரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டேன். விதிமுறை அதற்கு இடம் தருகிறது.

எக்ஸ்ரேதான் இடைஞ்சல். நல்ல பல் படத்தில் நல்ல பல்லாகத்தான் தெரியும். சொத்தைப் பக்கத்துப் படத்தையே கணினியில் இடம் வலமாகத் திருப்பி, மறுபக்கத்துக்கு வைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல அச்சு அசலாக இருந்த ஒன்பது ஜோடிகளைச் சிஸ்டர் கண்டுபிடித்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். ஒன்பது குழந்தைகள் என்று குற்றப்பத்திரிகையும் எழுதிவிட்டீர்கள். மீதிப் படங்களைத் திருப்பியபின் கொஞ்சம் சாய்த்தும் வைத்தேன். அதை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. பதினேழு குழந்தைகள். பதினெட்டு நல்ல பற்கள். என்மேல் குற்றம் சாட்டுகிறவர்கள் எண்ணிக்கையையாவது சரியாக எழுதுங்கள்.

ஆய்வின் முடிவையும் கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்ததில் இரண்டு முறைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சின்ன டாக்டர் கை குலுக்கினான். பிள்ளைகளின் எச்சிலும் பெற்றோரின் சோம்பேறித்தனமும் சேர்ந்தால் எந்த நல்ல வேலைதான் நிற்கும்?

பதினேழு குழந்தைகளுக்கு எப்படிப் பதினெட்டுப் பல் என்று பல்செட்காரர் இந்நேரம் யோசித்திருக்க வேண்டும். சொல்கிறேன். முப்பத்தொன்பது ஜோடி சேர்ந்துவிட்டது, ஆய்வுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் கெடு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அன்று என் தம்பி மனைவி தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். "ஒண்ணும் இல்ல மாமா, சும்மா ஒரு தடவை பாத்துடுங்க" என்றாள்.

ஏழு வயது. நாற்காலியில் தானாகவே ஏறிப் படுத்து, நான் சொல்வதற்குள் வாயைத் திறந்தாள். ஒரு புள்ளி கறுப்பு இல்லை. தினமும் இரண்டு வேளை அம்மா பக்கத்தில் நின்று தேய்க்க வைக்கிறாளாம். அந்த மருத்துவமனையில் நான் மதிக்கத்தக்க ஒரே வாய் அதுதான். ஒரே மாதிரி இரண்டு நல்ல பற்கள்; இரண்டு குழியையும் நானே போட்டால் ஆழம் மயிரிழைகூடப் பிசகாது. தாயை வெளியே உட்காரச் சொன்னேன். மற்ற பிள்ளைகளின் ஜோடிகளைவிட அதுதான் துல்லியமான ஜோடி.

முடித்துவிட்டுத் தாயைக் கூப்பிட்டேன். "ரெண்டு பக்கமும் சொத்தை. எப்படிம்மா இவ்வளவு தூரம் விட்ட?" என்றேன்.

மரத்த வாயோடு சின்னவள் குழறினாள்: "நான் தினமும் தேச்சேனே பெரியப்பா."

"பொய் சொல்லாதடி," என்று தாய் அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். இதற்குமுன் அவளை அடித்ததே இல்லை என்று தம்பி பிறகு சொன்னான். அடித்துவிட்டு அவளே அழுதாள். "என் தப்புதான் மாமா. நான்தான் சரியா கவனிக்கல. மன்னிச்சிடுங்க."

மற்ற தாய்மார்கள் ஆயிரம் சாக்குச் சொல்வார்கள். இவள் ஒரு சாக்கும் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக நான் அவளை மன்னித்துவிட்டேன்.