மாளுவோட மருந்துல ஃபுளோரைடு

இல்லண்ணாச்சி, பாட்டில்ல எக்ஸ்பைரி டேட் நான் பாத்தாச்சு. அது கொழப்பமில்லை. இந்த மருந்துக்குள்ள ஃபுளோரைடு இருக்கான்னுதான் கேக்கறேன். ஆமா, பல்லு தேய்க்கற பேஸ்ட்ல போடறாளே, அதாக்கும்.

சிரிக்காதீங்கோ. வேற ஆள் வந்தா அவாளப் பாருங்கோ, எனக்கு அவசரமில்லை. பொண்ண ஸ்கூல்ல விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். மத்தியானம் வரைக்கும் சும்மாதான் இருக்கணும். எங்காத்துப் பக்கம் கரமனையிலயும் மருந்துக்கடை இருக்கு, அங்க மலையாளத்துலதான் கேக்கணும். இந்தச் சாலை பஜாருக்கு வந்தா உங்ககிட்ட தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசலாம்.

மாளவிகான்னு பேரு. மாளுன்னு கூப்பிடுவோம். ஏழு வயசாறது. ஆட்டிசம்னு சொல்லியிருக்கா. பேச்சு வரலை. சுவத்துல தலைய இடிச்சுப்பா, அதுக்குத்தான் இந்த சிரப். கொறைஞ்ச மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு.

யார் சொன்னான்னா, பிரவுசிங் சென்டர்லதான் படிச்சேன். இந்த மாதிரிக் கொழந்தைகளோட அம்மாக்கள் எழுதறா, அமெரிக்காவுலேந்தெல்லாம். ஃபுளோரைடு மூளைக்கு ஆகாதாம், இந்த மருந்துலயும் அந்தச் சரக்கு சேந்திருக்காம். நான் ஒண்ணும் எழுதறதில்லை, படிக்கறதோட சரி. அன்னிலேந்து ஆத்துல பேஸ்ட் கிடையாது, உமிக்கரிதான். எங்காத்துக்காரர் மட்டும் அவர் பேஸ்ட்ட ஆபீஸ் பைக்குள்ள வெச்சுண்டிருக்கார். எங்கிட்ட இப்பல்லாம் சண்டை கூடப் போடறதில்லை.

அதே, டாக்டரும் இதத்தான் சொன்னார். மருந்துல அது வேற விதமா சேந்திருக்கு, பேஸ்ட்ல இருக்கறது வேறன்னார். எனக்கும் மனசிலாகும் அண்ணாச்சி, நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பரீட்சையில கேட்டா எழுதிடுவேன். இவ வாயில ஊத்தணும்னா கை நிக்கறது.

நிறுத்தச் சொல்றீங்களா? டாக்டரே நிறுத்தலாம்னுட்டாரே. போன வாரம் போனப்போ அவரே சொன்னார், இவ்வளவு பயம்னா வேண்டாம், கொஞ்சங்கொஞ்சமா கொறைச்சு நிறுத்திடலாம், வேற வழி பாப்போம்னு. எப்படிக் கொறைக்கணும்னு எழுதியும் குடுத்துட்டார்.

பின்னே எதுக்கு வாங்கறேன்னா...

அவ யார் மொகத்தையும் பாக்கமாட்டா, அண்ணாச்சி. என் மொகத்தையும்தான். எதுத்தாப்பல போய் ஒக்காந்தா ஜன்னலப் பாப்பா. சாயங்காலம் இந்த மருந்து குடுக்கறச்சே மட்டும், முழுங்கிட்டு, இன்னும் கிடைக்குமான்னு நேரா என் கண்ணப் பாக்கறா. அந்தத் தித்திப்பு பிடிக்கறது போல. கொஞ்ச நேரந்தான். அப்பறம் போயிடுவா.

தேன் குடுத்துப் பாத்தேன். சர்க்கரைப் பாகு காய்ச்சி இதே பாட்டில்ல ஊத்தியும் பாத்தேன். நாக்குல பட்டதும் துப்பிட்டு ஓடிட்டா, மொகத்தப் பாக்கலை.

அதான் கேக்க வந்தேன். இதே ருசியில, உள்ள மருந்து ஒண்ணும் இல்லாம, ஏதாவது சிரப் வரதா?

வராதா.

சரி. அவாளுக்கு எடுத்துக் குடுங்கோ, நான் நிக்கறேன். அப்பறம் எனக்கு இதுலயே ஒண்ணு. சின்ன பாட்டில்.