ஈர மணல் வழி

நான் யாரிடமும் கடிந்து பேசுகிறவன் இல்லை, இன்ஸ்பெக்டர். தீவுக்கு வருகிறவர்களுக்கு முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுப்பேன். பிறகுதான் உள்ளே போகக்கூடாது என்பேன்.

லீனா அக்காவுக்கும் கொடுத்தேன். பாகான் டாலாமில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வரிசை. மாதா கோயிலில் ஒரே பாடற்குழு. அவர் கணவர் பெர்னார்ட் மீன்பிடிக்கப் போய்த் தீவின் பின்கரையில் மூழ்கினார், உடல் கிடைக்கவில்லை. அதனால் கல்லறைத் திருநாளன்று எல்லோரும் கல்லறைக்குப் போக, அக்கா மட்டும் படகேறி அந்தக் கரைக்கு வருவார்.

இந்த வருடம் தீவில் ரிசோர்ட் கட்டியவர்கள் பாதையை மூடி, காய்ந்த மணலின் விளிம்பு வரை ஆளுயர வேலி போட்டார்கள். படகுத்துறைப் பக்கம் ஒரு கேட், கடல் பக்கம் ஒரு கேட். சாவி காவலாளியான என்னிடம். வெளியாள் ஒருவர் நுழைந்தாலும் எனக்கு வேலை போய்விடும்.

"பந்தாய் என்ன, இந்தக் கரை முழுக்க உன் முதலாளியோட தாத்தா வாங்கிப் போட்டதா?" என்று அக்கா சிரித்தார். "கேட்டத் தொற, கிளிஃபர்ட். செபமால சொல்லிட்டு வந்துடுறேன்லா."

"அலை நனைக்கிற மணல் எல்லாருக்கும் பொதுக்கா. வேலிக்கு வெளிய ஈர மணல்லயே போங்க. யாரும் கேக்க முடியாது."

"தண்ணி ஏறிடாதா?"

"ரெண்டு மணிக்குத்தான் ஏறும்."

"நீ சொன்னா சரி. உன் அம்மாவுக்கும் ஒரு மெழுகுத்திரி ஏத்துறேன்."

அப்போது மணி பதினொன்று. பதினொன்றரைக்கே தண்ணீர் ஏறும் என்று அட்டவணையில் பார்த்திருந்தேன். அக்காவுக்கு நீச்சல் தெரியாது என்பதும் தெரியும். கொஞ்சம் நனைந்தால் பயந்துவிடுவார், இனி வரமாட்டார், எங்களுக்குள் மனக்கசப்பும் வராது என்று நினைத்தேன்.

ஒரு மணிக்குக் கடல் பக்கக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் இடுப்புக்கு மேல். நான் உள்ளே பத்தடி தள்ளி நின்றேன்.

"தம்பி, தொறப்பா."

மேனேஜர் அன்று ஜார்ஜ்டவுனில் இருந்தார். திறந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. சாவி கையில்தான் இருந்தது. இன்று திறந்தால் அடுத்த வருடமும் வருவாரே என்று யோசித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். பெர்னார்டைக் கூப்பிட்டார்.

நேரத்தை மாற்றிச் சொன்னதும் நான்தான், திறக்காததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காய்ந்த மணலில் அவர் கால் படவே இல்லை. என் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கடல் எல்லாருக்கும் பொது, இன்ஸ்பெக்டர். அங்கே நடந்ததற்கு என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?